தலையைத் திருப்பாத சிறுத்தை

சிறுத்தை முதலில் எந்தக் காலை எடுத்து வைக்கும் என்று காலித் மூன்று வாரம் யோசித்தான். எந்தக் காலை வைத்தால் என்ன, கடிப்பது வாய்தானே என்றாள் அவன் மனைவி நிகத். அவளுக்கு வேறு கவலை. கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்த, புள்ளி போட்ட பஞ்சுப் போர்வையைப் பத்து நாளாகக் காணவில்லை.

காலித் ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் டூல் ரூம் ஃபிட்டர். வயது நாற்பத்து நான்கு. பயந்த சுபாவம். கம்பெனி லிஃப்டில் ஏழு வருஷமாக ஏறியதில்லை. தெருவில் மூன்று நாய்கள் சேர்ந்து நின்றால் பைக்கைத் திருப்பிக்கொண்டு சுற்றுவழியில் போவான். அப்படிச் சுற்றிப் போனதில் ஒருநாள் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கே போய்விட்டான்; அங்கேயும் நாய்கள் இருந்ததால் வீடு திரும்புவதற்குள் இருட்டிவிட்டது.

இப்படிப்பட்டவனுக்கு இருந்த ஒரே ஆசை, பாறை ஏறும் ரிமோட் வண்டி செய்வது. ராக் கிராலர் என்பார்கள். ரேஸ் வண்டி மாதிரி பறக்காது. நாலு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்க, கல்லைத் தடவித் தடவி, ஆமைக்கு அண்ணன் மாதிரி போகும். வேகம் இல்லை என்பதால்தான் அவனுக்குப் பிடித்தது. தன்னால் ஏற முடியாத இடத்தில் எல்லாம் அதை ஏற்றிவிட்டுக் கீழே நின்று பார்ப்பான்.

அதைச் சிறுத்தை ஆக்கியது எல்லப்பன். கம்பெனி கேன்டீனுக்குத் தக்காளி போடுகிறவர். அவர் நிலம் அஞ்செட்டிக்குச் சற்று முன்னால், தொட்டகல்லு என்ற பெரிய பாறைக்குன்றின் அடியில் இருக்கிறது. குன்று முழுக்கக் குரங்கு.

"ஒரு தக்காளிய கடிக்குது பாய். புளிச்சா கீழ போட்டுட்டு அடுத்தத கடிக்குது. பொறந்ததுலேர்ந்து நானே அவ்ளோ ருசி பாத்துச் சாப்புட்டதில்ல" என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். "உன் வண்டி மேல ஒரு சிறுத்தத் தோலு போத்தி வுட்டா என்ன?"

தோலுக்குப் போர்வை கிடைத்தது. எங்கே என்று நிகத் கேட்டபோது காலித் சலவைக்குப் போட்டிருப்பதாகச் சொன்னான்.

மூன்றடி நீளத்துக்குச் சட்டம் அடித்தான். டிரில் மெஷின் மோட்டார் ஒன்று, முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு ஆக்ஸில், டயருக்குள் பழைய சோபாப் பஞ்சு. முதல் ஓட்டத்தில் அது குடித்துவிட்டு வருகிற மாப்பிள்ளை மாதிரி ஆடியது. ஷாக் அப்சார்பரில் கெட்டி எண்ணெய் ஊற்றினான். பித்தளைத் துண்டுகளைச் சக்கரத்துக்குள் வைத்துப் பாரத்தைத் தரையோடு இறக்கினான். வால் சைக்கிள் பிரேக் கேபிள். தலை பழைய ஹெல்மெட். கழுத்துக்கு மோட்டார் வைக்கவில்லை. வேலை அதிகம், குரங்குக்கு அவ்வளவு போதும் என்று விட்டுவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டகல்லில் விட்டார்கள். முன்சக்கரம் ஒரு கல்மேல் ஏற, போர்வைக்கு அடியில் இடது தோள் மெல்ல எழும்பியது. அது இறங்க, வலது தோள் எழும்பியது. மறுபடி இடது. வண்டி ஏறவில்லை, பதுங்கியது. குன்றில் இருந்த குரங்கெல்லாம் ஒரே குரலில் ஒருமுறை கத்தின. பிறகு ஒரு சத்தமும் இல்லை. ரிமோட்டைக் கையில் வைத்திருந்த காலித்தே இரண்டடி பின்னால் போனான். "அண்ணா, இது நான் செஞ்சதுதானே?" என்று எல்லப்பனைக் கேட்டான். எல்லப்பன் அதற்குள் மோட்டார் ரூமுக்குள் போயிருந்தார்.

குரங்குகள் அன்றோடு பக்கத்து மலைக்குக் குடிபோய்விட்டன. பிரச்சினை அதற்கப்புறம்தான் வந்தது.

குரங்குகள் திரும்பி வராமல் இருக்க, வாரநாளில் எல்லப்பனே காலையில் அதை ஓட்டப் பழகிக்கொண்டார். மூன்றாம் நாள் பால்காரர் ஆஞ்சப்பன் அதைப் பார்த்தார். பால் கேனை வழியில் போட்டுவிட்டு, "சிரத்தே! சிரத்தே!" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு ஊருக்குள் ஓடினார். பயந்தால் அவருக்குத் தமிழ் வராது. வால் மட்டும் ஆறடி என்றார். பிரேக் கேபிள் இரண்டே முக்கால் அடி.

பகலிலேயே கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். பெண்கள் விறகுக்குப் போவது நின்றது. அஞ்செட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏழெட்டுப் பேர் தடியோடு கூட்டிப் போனார்கள். வனக்காவலர் சக்தி வந்து பாறையைச் சுற்றிப் பார்த்தார். கல்லில் கால்தடம் எங்கே விழும்? "கூண்டு கேட்டிருக்கோம். வர்ற வரைக்கும் ஒருத்தரும் மேல ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டு, தானும் ஏறாமல் போனார்.

"நிறுத்திடலாம்ணா" என்றான் காலித்.

"நிறுத்து. நிறுத்திட்டு, பத்து நாளா உங்கள வூட்டுக்குள்ள வெச்சது எங்க போர்வைதான்னு ஊருக்குச் சொல்லு. என்னிய இந்த ஊரு உயிரோட வுடுமா? உன்ன வுடுமா?" என்றார் எல்லப்பன். "அறுப்பு முடியட்டும் பாய். சிறுத்த தானா காணாமப் போயிடும்."

காலித்துக்குத் தூக்கம் போனது. வனத்துறை பிடிப்பது போல ஒரு நாள், ஊர் பிடிப்பது போல மறுநாள், நிகத் பிடிப்பது போல மூன்றாம் நாள் என்று கனவுகள் முறை வைத்து வந்தன.

ஊர் முழுக்க அரைவயிறு பயம் என்றால் பாப்பம்மாவுக்கு அது முழுப்பட்டினி. குன்றடியில் தனி வீடு, தனி ஆள், பதினோரு ஆடு. தொட்டகல்லு இடுக்கில் முளைக்கிற புல்தான் ஆடுகளுக்குத் தீனி. பட்டியில் அவை கத்துகிற கத்தல் எல்லப்பன் மோட்டார் ரூம் வரை கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலித் அந்தப் பக்கம் போனபோது, அவள் புளியங்கிளையை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆடுகள் அதை முகர்ந்துவிட்டு அவளைப் பார்த்தன.

"பாரு பாய். சிறுத்த தின்னாக்கூட ஒண்ணுதான் போவும். இங்க கட்டி வெச்சா பதினொண்ணும் போயிடும்."

காலித் சுற்றுமுற்றும் பார்த்தான். "அக்கா, நீங்க தைரியமா ஓட்டிக்கினு போங்க. மேல ஒண்ணும் இல்ல."

"ஊரே பாத்துச்சின்றாங்க. உனக்கு மட்டும் எப்பிடி இல்ல?"

"இல்லக்கா. அல்லா மேல ஆணை. என்ன நம்புங்க."

பாப்பம்மா அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பொய் ஆணை வைக்கிறவன் முகமா என்று பார்த்திருப்பாள். மறுநாளே பட்டியைத் திறந்துவிட்டாள். ஊர் அவளைப் பைத்தியம் என்றது. ஒரு வாரம் மத்தியான வேளையில் ஏறி இறங்கினாள். ஆடுகளுக்கு வயிறு நிறைந்தது.

அடுத்த ஞாயிறு பகல் மூன்று மணி. எல்லப்பன் அஞ்செட்டி மண்டிக்குப் போயிருந்தார். வண்டியின் பின் ஆக்ஸிலில் கடகடவென்று சத்தம் வருகிறதென்று காலித் மோட்டார் ரூமில் சாக்கை விரித்து, போர்வையையும் ஹெல்மெட்டையும் கழற்றி வைத்து, ஆக்ஸிலைப் பிரித்துப் போட்டிருந்தான். பாப்பம்மா ஆடுகளோடு அந்த வழியாகப் போனாள். "உன் பேச்ச நம்பித்தான் ஏறறன் பாய்" என்று வெளியிலிருந்தே சொல்லிவிட்டுப் போனாள். காலித் சட்டென்று போர்வைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அரைமணி நேரத்தில் எல்லப்பன் வந்தார். வெளியே பைக்கை நிறுத்தும்போதே பேச்சு.

"பாய், இன்னிக்கு பிரமாதம் போ! ரோட்டுலேர்ந்து பாத்தன். மேல்கல்லுல சப்பையா படுத்துக்கினு, தலையத் திருப்பி என்னியே பாக்குது. எனக்கே ஒரு நிமிசம் பைக்க திருப்பிடலாமான்னு ஆயிடுச்சி. கழுத்துக்கு மோட்டாரு எப்ப வெச்ச?"

காலித்தின் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. எதிரே சாக்கில் ஹெல்மெட் இருந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் சுவரோரமாகச் சாய்ந்திருந்தன. எல்லப்பன் உள்ளே வந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஹெல்மெட்டைக் காலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப மேல இருக்கறது யாரு?" என்றார், வீட்டுக்கு வந்த விருந்தாளியை விசாரிப்பதுபோல.

மேலே எங்கோ ஓர் ஆட்டின் கழுத்துமணி சத்தம் கேட்டது.

"பாப்பம்மாக்கா மேல இருக்காங்க" என்றான் காலித்.

பாப்பம்மாவின் செல்போன் வீட்டில்தான் கிடக்கும். பாறையில் சிக்னல் இல்லை என்று அவள் எடுத்துப் போவதில்லை. எல்லப்பன் வெளியே ஓடி ஊர்ப்பக்கம் பார்த்துக் கத்தினார். ஒரு கதவும் திறக்கவில்லை. சிறுத்தை என்று கத்தினால் திறந்த கதவும் சாத்திக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை ஊருக்குக் கற்றுக்கொடுத்ததே இவர்கள் இரண்டு பேர்தான். சக்திக்குப் போன் போட்டார். அவர் ஒகேனக்கல் பக்கம் இருப்பதாகவும் ஒரு மணி நேரத்தில் வருவதாகவும் சொன்னார்.

"நீ போ பாய்" என்றார் எல்லப்பன், திண்டில் உட்கார்ந்தபடி. "எனக்கு சுகரு."

காலித் வெறுங்கையோடு போயிருக்கலாம். அப்படிப் போகிற ஆளாக இருந்தால் அவன் லிஃப்டிலும் ஏறியிருப்பான். ஒரு சிறுத்தை இருக்கிற இடத்தில் இன்னொரு சிறுத்தை வந்தால் முதல் சிறுத்தை விலகிப் போகும் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆக்ஸிலை எடுத்து மடியில் வைத்தான். கிரவுன் வீல் என்ற பல்சக்கரத்தை உள்ளே தள்ளினான், மூடினான், எட்டு போல்ட்டில் நாலைப் போட்டான். மீதி நாலும் எங்கே உருண்டன என்று தெரியவில்லை. ஆக்ஸில் மாட்டியதும் வண்டியைத் தலைகீழாகத் தூக்கி, சக்கரங்களை ஒருமுறை சுற்றவிட்டுப் பார்ப்பது அவன் வழக்கம். பதினெட்டு வருஷ ஃபிட்டர் வேலையில் அதைத் தவறவிட்டதே இல்லை. அன்று தவறவிட்டான்.

பின்சக்கரங்களையும் ஹெல்மெட்டையும் மாட்டி, வண்டியைத் தோளில் போட்டு, மேலே போர்வையைப் போர்த்தி, ரிமோட்டைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு ஏறினான். ஒன்பது கிலோ. வெயிலில் பாறை சுட்டது. கத்திக் கூப்பிடலாம் என்று நினைத்தான். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தன் மூச்சைத் தவிர வேறு சத்தம் கேட்டால் நின்றான்; கேட்காவிட்டால் அதற்கும் நின்றான். ஆட்டுமணி முதலில் வலப்பக்கம் கேட்டது. பிறகு இடப்பக்கம். பிறகு கேட்கவே இல்லை.

மேலே தட்டையான இடம் வந்ததும் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தான்.

பாப்பம்மா இருபதடி தூரத்தில், மேல்கல்லுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். ஆடுகள் மேயவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அவள் தலைக்குமேல் இரண்டு ஆள் உயரத்தில் ஒரு கல் விளிம்பு. அந்த விளிம்பின்மேல் அது இருந்தது.

இடது தோள் எழும்பியது. இறங்கியது. வலது தோள் எழும்பியது. தன் வேலையில் என்ன தப்பு என்று காலித்துக்கு அந்த நேரத்தில்தான் தெரிந்தது. வால் முழுக்க ஆடக் கூடாது. நுனி மட்டும் ஆட வேண்டும். கண் எங்கும் போகக் கூடாது. அதன் கண் பாப்பம்மாவின் பிடரியை விட்டு ஒரு நூல்கூட நகரவில்லை.

வண்டியைக் கல்மேல் வைத்து ரிமோட்டின் ட்ரிகரை அழுத்தினான்.

வண்டி முன்னால் போகவில்லை. முன்சக்கரங்கள் முன்பக்கம் சுற்றின. பின்சக்கரங்கள் பின்பக்கம் சுற்றின. அவசரத்தில் கிரவுன் வீலைப் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறான். முன்பாதியும் பின்பாதியும் ஒன்றையொன்று பிய்க்கப் பார்த்தன. வண்டி இருந்த இடத்திலேயே துள்ளியது, உதறியது, பல்சக்கரம் அரைபட்டு ஓவென்று கத்தியது. டயர் தீய்ந்த நாற்றம் வந்தது.

பாப்பம்மா சத்தம் கேட்டுத் திரும்பினாள். அவள் பார்த்தது, புள்ளிபோட்ட தோலோடு துடிக்கிற ஒரு சிறுத்தை. வெற்றிலை கீழே விழுந்தது. சட்டென்று எழுந்து, ஒரு கல்லை எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தாள். விளிம்பை நோக்கி. நிஜத்தை நோக்கி.

"அக்கா, பின்னால போவாதீங்க!" இப்போதுதான் காலித்துக்குக் குரல் வந்தது. "இது பொய்யி! பின்னால இருக்கறதுதான் நெசம்!"

"பாய்! ஓடிரு! உன் காலடில நிக்குது பாரு!" என்று அவள் அவனுக்குக் கத்தினாள். கல்லையும் எறிந்தாள். அது காலித்தின் முட்டியில் பட்டது. அவள் இன்னும் ஓரடி பின்னால் வைத்தாள். விளிம்பின்மேல் இரண்டு தோளும் ஒன்றாகத் தாழ்ந்தன.

காலித் ஒரு கையால் ட்ரிகரை அழுத்தியபடி மறு கையால் போர்வையைப் பிடித்து இழுத்தான். ஹெல்மெட் உருண்டது. சக்கரமும் சட்டமும் வெளியே தெரிந்தன. பாப்பம்மா அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, தலையைத் தூக்கி மேலே பார்த்தாள்.

அந்த நேரத்தில் அது பாய்ந்தது.

அவள் தலைக்குமேல் மஞ்சளாக ஏதோ போனதை மட்டும் காலித் பார்த்தான். சிறுத்தைக்கு அந்த வண்டி, அடிபட்டு உதறுகிற உயிர் ஒன்று, ஓட முடியாமல் ஒரே இடத்தில் கிடந்து கத்துகிறது. எந்தச் சிறுத்தையும் ஓடத் தெரிந்த ஆட்டையும் கல்லெறியத் தெரிந்த பாப்பம்மாவையும் விட்டுவிட்டு அதற்குத்தான் வரும். வந்தது. அவனுக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம் இடம். வண்டியின் சட்டத்தைக் கவ்வி, முன்காலால் அமுக்கியது. அதன் மூச்சு அவன் முழங்காலில் பட்டது. வாய்க்குள் வண்டி துடித்துக்கொண்டிருந்தது.

காலித்துக்கு அப்போது ஒன்று புரிந்தது. ட்ரிகரை விட்டால் வண்டி செத்துவிடும். செத்ததை விட்டுவிட்டு அது தலையைத் தூக்கும். தூக்கினால் முதலில் தெரிவது அவன்தான்.

அழுத்திய விரலை எடுக்கவில்லை.

அது வண்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. ஒன்பது கிலோவை அது ஒரு கிலோ மாதிரி எடுத்துப் போனது. விளிம்பில் ஏறி, இரண்டு பாறைக்கு நடுவில் இருந்த இடுக்குக்குள் நுழைந்தது. உள்ளே இருந்து மோட்டார் கத்துகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

பாப்பம்மா ஆடுகளைக் கையால் தள்ளித் தள்ளி இறக்கினாள். காலித் பாறையைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் இறங்கினான். இரண்டு தடவை விழுந்தான். இரண்டு தடவையும் ரிமோட்டைத் தூக்கிப் பிடித்தபடி விழுந்தான். விரல் மரத்துப் போய், யாருடையதோ மாதிரி இருந்தது.

பாதித் தூரத்தில் சத்தம் நின்றது.

அவன் விரலை எடுக்கவில்லை. இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தான். பேட்டரி தீர்ந்திருக்கும், இல்லை வேறு ஏதாவது. ஆடுகள் பதினொன்றும் ஒரே நேரத்தில் காதை மேலே திருப்பின.

"ஓடு" என்றாள் பாப்பம்மா.

அவள் வீடு வரை எப்படி வந்தான் என்று அவனுக்குத் தெரியாது. பதினோரு ஆடும் அவர்கள் இருவரும் ஒற்றை அறைக்குள் புகுந்தார்கள். அவள் தாழ்ப்பாள் போட்டு, அம்மிக்கல்லை உருட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். ஓட்டு இடுக்கு வழியாக வெயில் கோடுகோடாக விழுந்தது. ஆடுகள் மூச்சு வாங்குகிற சத்தம். ஓட்டின்மேல் ஏதோ காய்ந்த இலை உருண்டது, இருவரும் மேலே பார்த்தார்கள், இலைதான்.

அங்கே, ஆட்டுக்கு நடுவில் உட்கார்ந்து, காலித் எல்லாவற்றையும் சொன்னான். தக்காளி, குரங்கு, போர்வை, பிரேக் கேபிள். முடிந்ததும் அவள் அவன் பக்கத்தில் வந்து, இன்னும் ட்ரிகரில் இருந்த விரலைப் பிடித்து நிமிர்த்தினாள். அது நிமிர மறுத்தது. முள் எடுப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான் ஆணை வெச்சது பொய்யில்லக்கா. அன்னிக்கு மேல ஒண்ணும் இல்ல."

"ம்."

"ஊருக்கு நானே சொல்லிடறன்."

"என்னன்னு சொல்லுவ? சிறுத்த இருக்குதுன்னா? அது ரெண்டு வாரத்துக்கு மேலா அவங்களுக்குத் தெரியும்." பாப்பம்மா ரிமோட்டை வாங்கி உரல் பக்கம் வைத்தாள். "இல்லன்னு நீ சொன்னது என்கிட்ட மட்டும்தான்."

காலித் தலையைக் குனிந்துகொண்டான். கல் பட்ட முட்டி வீங்கியிருந்தது.

"இப்ப கேக்கறன், சொல்லு" என்றாள். "நாளைக்கு ஆட்ட மேல ஓட்டட்டுமா, வாணாமா?"

"வாணாம்க்கா. சத்தியமா வாணாம்."

"அப்ப தீனிக்கு?"

"நான் எல ஒடிச்சிக்கினு வரேன்."

"தெனமுமா?"

"கூண்டு வந்து அது போற வரைக்கும், தெனமும்."

"எங்கேர்ந்து ஒடிப்ப? இங்க இருக்கறதெல்லாம் அந்தப் பாறைக்கடி மரம்தான்."

காலித் கதவைப் பார்த்தான். அம்மிக்கல்லைப் பார்த்தான். ஆடுகள் அதற்குள் அவன் சட்டையை மெல்ல ஆரம்பித்திருந்தன. நாளை எத்தனை மணிக்கு வருவான் என்று கேட்பது மாதிரி இருந்தது.

"வெயில் ஏறின அப்பறம் வரேன்க்கா" என்றான். சொல்லிக்கொண்டே அம்மிக்கல்லைக் கதவோடு இன்னும் கொஞ்சம் ஒட்டித் தள்ளினான்.